‘அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்’: கேம்பஸில் ஒரு வன்முறை நடந்தால் வளைகுடாவில் யாரிடம் போவது?

பிள்ளையை காலேஜ்ல சேர்க்குறதுக்கு முன்னாடி நாம எவ்வளவு விசாரிக்கிறோம்! ஃபீஸ் எத்தனை திர்ஹாம், அகாடமிக் சிட்டிக்கு பஸ் இருக்கா, டிகிரி இந்தியாவுல செல்லுமா, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, படிச்சு முடிச்சா வேலை கிடைக்குமா. இதுக்காக எக்செல் ஷீட் போட்டு வச்சிருக்கிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்த ஷீட்ல ஒரு கேள்வி மட்டும் இருக்காது: ‘அங்க என் பிள்ளைக்குப் பாலியல் வன்முறை ஏதாவது நடந்துட்டா, அது யார் கிட்ட போய்ச் சொல்லும்?’

நான் ஷார்ஜாவுல பிறந்து வளர்ந்தவ. துபாய்ல படிச்சேன், இப்போ அங்கயே சாஃப்ட்வேர் வேலை. எங்க அக்கா பொண்ணு இந்த வருஷம் காலேஜுக்குப் போறா. அவளுக்கு என்ன சொல்லி அனுப்பணும்னு யோசிச்சப்போ, இந்த ஊர் சட்டத்தையும் உதவி எண்களையும் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். நான் வக்கீல் இல்லை. ஆனா இங்க இருக்கிற பெற்றோருக்கு இந்த அடிப்படை விஷயங்களாவது தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

‘இந்த ஊர்ல போலீஸுக்குப் போனா உன்னையே உள்ள தள்ளிருவாங்க.’ நாம காலேஜ் படிக்கும்போது இதைக் கேக்காதவங்க இருக்க முடியாது. அது வெறும் வதந்தியும் இல்லை.

2013-ல மார்ட்டே டாலெல்வ் என்ற நார்வே நாட்டுப் பெண், வேலை விஷயமா துபாய் வந்திருந்தப்போ தன்னை ஒருத்தர் பலாத்காரம் செய்ததா போலீஸ்ல புகார் கொடுத்தாங்க. முடிவுல தண்டனை விழுந்தது அவங்க மேல. திருமணத்துக்கு வெளியே உறவு, பொய் வாக்குமூலம், மது அருந்தியதுன்னு எல்லாம் சேர்த்து 16 மாசம் சிறை. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பினதும் அந்த ஜூலை மாசமே மன்னிப்பு கொடுத்து அனுப்பினாங்க. 2021-ல தோஹாவுல கிட்டத்தட்ட அதே கதை. உலகக் கோப்பை ஏற்பாட்டுக் குழுவுல வேலை பார்த்த மெக்சிகோ நாட்டுப் பெண் பாவ்லா ஷீட்டேகாட் தன்னைத் தாக்கியவர் மேல புகார் கொடுத்தாங்க. எதிர்த்தரப்பு ‘எங்களுக்குள்ள உறவு இருந்தது’ன்னு சொன்னதும் வழக்கு அவங்க பக்கமே திரும்பிடுச்சு. 2022-லதான் அது முடிவுக்கு வந்தது.

இந்த ரெண்டு செய்தியும் நம்ம தலைமுறை மனசுல அப்படியே தங்கிடுச்சு. ஆனா அமீரகச் சட்டம் 2013-ல இருந்த இடத்துல இப்போ இல்லை. பிள்ளைங்களுக்குப் பழைய பயத்தை மட்டும் கைமாத்திக் கொடுத்தா, நிஜமாவே உதவி தேவைப்படுற நேரத்துல அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்போ சட்டம் என்ன சொல்லுது?

2020 நவம்பர்ல அமீரகம் பல சட்டங்களைத் திருத்துச்சு. கல்யாணம் ஆகாதவங்க சேர்ந்து வசிப்பது குற்றம் என்ற நிலை அப்போ மாறுச்சு. ‘குடும்ப மானத்துக்காக’ பெண்ணைத் தாக்கினவங்களுக்குக் கிடைச்ச தண்டனைச் சலுகையும் எடுக்கப்பட்டது. அதுக்கப்புறம் 2021-ஆம் ஆண்டின் 31-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டமா புதிய குற்றவியல் சட்டம் வந்து, 2022 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டப்படி பலாத்காரத்துக்கு ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்டவர் 18 வயசுக்குக் கீழ இருந்தாலோ, எதிர்க்க முடியாத நிலையில இருந்தாலோ மரண தண்டனை வரைக்கும் போகலாம். பலவந்தமோ மிரட்டலோ சேர்ந்த மற்ற பாலியல் தாக்குதல்களுக்கு 5 முதல் 20 வருஷம். நாம கவனிக்க வேண்டிய இடம் அடுத்தது: அதே தாக்குதல் வேலை செய்யும் இடத்துலயோ படிக்கும் இடத்துலயோ நடந்தா தண்டனை 10 முதல் 25 வருஷம்னு கூடுது. கேம்பஸ்ல நடக்கிறதை சட்டம் இன்னும் கடுமையாத்தான் பார்க்குது. பாதிக்கப்பட்டது பையனா இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

2024-ல இன்னொரு மாற்றம். பலாத்காரத்தால் உண்டான கருவை 120 நாளுக்குள்ள, சில நிபந்தனைகளோட கலைக்க அமைச்சரவைத் தீர்மானம் அனுமதி கொடுத்தது. அதுல முக்கியமான நிபந்தனை, சம்பவத்தை உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிச்சிருக்கணும். தயங்கித் தயங்கி மாசக்கணக்குல மறைச்சா இந்த வழியும் அடைபட்டுப் போகும்.

‘கார்டியன்’ என்ற வார்த்தை

அப்போ அந்தப் பழைய ஆபத்து முழுசாப் போயிடுச்சா? இல்லை. 18 வயசுக்கு மேல இருக்கிறவங்க சம்மதத்தோட வச்சுக்கிற, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு இன்னமும் சட்டப் புத்தகத்துல குற்றம்தான். குறைஞ்சது ஆறு மாசம் சிறை. ஆனா கணவரோ, கார்டியனோ புகார் கொடுத்தா மட்டும்தான் வழக்கு. அவங்களே புகாரைத் திரும்ப வாங்கிக்கவும் முடியும்.

கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு கார்டியன் யாரு? பெரும்பாலும் அப்பாதான். அதாவது அந்தப் புகாரை எழுதுற பேனா நம்ம வீட்டுலயே இருக்கு.

ஒரு பொண்ணு, தான் பழகின பையன் தன்னை அடிக்கிறான், கட்டாயப்படுத்துறான்னு சொல்றான்னு வைங்க. அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறி, ‘அவனை விட மாட்டேன்’னு அந்த உறவையே குற்றமாச் சொல்லி ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா, அது பொண்ணு மேலயும் சேர்த்துத்தான் பாயும். அதே விஷயத்தை அடி, மிரட்டல், பலவந்தம்னு நடந்தபடி சொன்னா வழக்கே வேற. அதனால முதல் வாக்குமூலம் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசுறது நல்லது. வாக்குமூலம் அரபியிலதான் பதிவாகும். மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்கணும், புரியாத பக்கத்துல கையெழுத்துப் போடக் கூடாது.

முதல் மூணு நாள்

பாலியல் தாக்குதல் நடந்துட்டா முதல்ல பாதுகாப்பான இடம், அப்புறம் மருத்துவம். ஆபத்து இன்னும் தொடருதுன்னா 999. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிக்கத்தான் மனசு துடிக்கும். முடிஞ்சா பரிசோதனை வரைக்கும் குளிக்காம, போட்டிருந்த துணியைத் துவைக்காம ஒரு காகிதப் பையில எடுத்து வச்சா தடயம் அழியாது. பிளாஸ்டிக் பையில ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். ஏற்கனவே குளிச்சுட்டாங்கன்னா அதுக்காகத் திட்ட வேண்டாம், எல்லாம் கெட்டுப்போச்சுன்னும் நினைக்க வேண்டாம். மத்த ஆதாரங்கள் இருக்கும்.

குற்றம் நடந்த மாதிரி காயங்கள் தெரிஞ்சா இங்க மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுக்கும். அதை எதிர்பார்த்தே போங்க. முடிஞ்சா கூட ஒரு பெரியவங்க இருக்கட்டும்.

உடனே போலீஸுக்குப் போக மனசு வரலைன்னாலும் பேச ஆள் இருக்கு. துபாய் பெண்கள் மற்றும் குழந்தைகள் அறக்கட்டளை 2007-லேருந்து நடக்குது. 800111-க்குக் கூப்பிட்டா ஆலோசனை, சட்ட உதவி, தேவைப்பட்டா தங்க இடம். அபுதாபி போலீஸோட ‘அமான்’ சேவை 8002626, ரகசியமாத் தகவல் சொல்லலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயசுக்குக் கீழன்னா உள்துறை அமைச்சகத்தோட குழந்தைகள் பாதுகாப்பு எண் 116111. முதல் வருஷம் சேர்ற பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு 17 தான் ஆகியிருக்கும், மறந்துடாதீங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா துணைத் தூதரகத்தோட பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா, 80046342. இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பாங்க. இலங்கை, கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட் உள்ளவங்க அவங்கவங்க தூதரக அவசர எண்ணை இன்னைக்கே போன்ல போட்டு வச்சுக்கலாம்.

யூனிவர்சிட்டி கிட்ட என்ன கேக்கணும்?

துபாய்ல இருக்கிற பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டுக் கிளைகள். பிட்ஸ் பிலானி, மணிப்பால், ஹெரியட்-வாட், வுல்லங்காங், மிடில்செக்ஸ், பர்மிங்ஹாம்னு பட்டியல் நீளும். அபுதாபியில நியூயார்க் யூனிவர்சிட்டி, இப்போ ஐ.ஐ.டி. டெல்லியும் வந்தாச்சு. தாய் நாட்டுல இருக்கிற பாதுகாப்பு விதி கிளைக்கும் அப்படியே வரும்னு நினைச்சுடக் கூடாது. அமெரிக்காவோட ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-லேருந்து இருக்கு. ஆனா 2020-ல வந்த விதிமுறை, அது அமெரிக்காவுக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான்னு வரம்பு போட்டிருக்கு. இங்கிலாந்துல 2025 ஆகஸ்ட் 1 முதல் பல்கலைக்கழகங்கள் எங்க புகார் செய்வது, என்ன உதவி கிடைக்கும்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல வெளியிடணும், பாதிக்கப்பட்டவங்க வாயைக் கட்டுற ரகசிய ஒப்பந்தம் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. துபாய் கிளைக்கு இதுல எவ்வளவு பொருந்தும்? ஓப்பன் டேக்கு போறப்போ இதையே கேளுங்க. பதிலை ஈமெயில்ல வாங்குங்க.

நான் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த கேள்விகள் இவைதான்:

1. பாலியல் துன்புறுத்தல் புகாருக்குன்னு தனி அலுவலரோ குழுவோ உண்டா? அவர் இந்த கேம்பஸ்லயே இருக்காரா, தாய் நாட்டுலயா?
2. கவுன்சிலர் கிட்ட சொன்னா அது அவரோட நிக்குமா, நிர்வாகத்துக்குப் போகுமா, பெற்றோருக்குப் போகுமா, போலீஸுக்குப் போகுமா?
3. முறையான புகார் கொடுக்காமலே வகுப்பு மாத்துறது, ஹாஸ்டல் அறை மாத்துறது, தேர்வைத் தள்ளிப் போடுறது இதெல்லாம் கிடைக்குமா?
4. தொல்லை கொடுத்தவரைக் கிட்ட வரக் கூடாதுன்னு நிர்வாகம் உத்தரவு போடுமா?
5. ஸ்டூடண்ட் வீசா யூனிவர்சிட்டி ஸ்பான்சர்னா, ஒரு செமஸ்டர் லீவு போட்டா வீசா என்ன ஆகும்?

ரெண்டாவது கேள்விதான் எல்லாத்துக்கும் மேல. ‘சொல்றது’ வேற, ‘புகார் கொடுக்குறது’ வேற. நடந்ததைச் சொல்லி மனசை ஆத்திக்கிட்டு, என்ன செய்யலாம்னு யோசிக்கப் பிள்ளைக்கு நேரம் வேணும். சொன்ன அடுத்த நிமிஷமே விஷயம் நாலு மேஜைக்குப் போகும்னா, யாரும் சொல்ல மாட்டாங்க.

போன்ல இருக்கிற ஆயுதம்

நம்ம பிள்ளைங்க காலத்துல வன்முறை பெரும்பாலும் போனையும் கூட்டிக்கிட்டுத்தான் வருது. ‘போட்டோவை உங்க அப்பாவுக்கு அனுப்பிருவேன்’ என்ற ஒரு வரி போதும், ஒரு பொண்ணை மாசக்கணக்குல ஆட்டி வைக்க.

இதுக்கு அமீரகத்துல பலமான சட்டம் இருக்கு. 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி, ஆன்லைன்ல மிரட்டிப் பணிய வைக்கிறதுக்கு ரெண்டு வருஷம் வரை சிறை, இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். மானத்தைக் கெடுப்பேன்னு மிரட்டினா பத்து வருஷம் வரை போகலாம். துபாய் போலீஸோட ‘ஈ-கிரைம்’ தளத்துல வீட்டுல இருந்தே புகார் பதியலாம், 901-க்கும் கூப்பிடலாம்.

தொழில்ல நான் தினமும் சொல்ற ஒரு விஷயம் இங்கயும் பொருந்தும்: லாகை அழிக்காதீங்க. வெறுப்புல சாட்டை டெலீட் பண்ணி, பிளாக் பண்ணிடத் தோணும். அதுக்கு முன்னாடி நம்பர், தேதி, நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. வாட்ஸ்அப் சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணி நம்பிக்கையான ஒருத்தர் ஈமெயிலுக்கு அனுப்புங்க. பணம் மட்டும் கொடுக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தா அடுத்த தடவையும் கேப்பான்.

படம் இணையத்துல பரவிடுமோன்னு பயந்தா, ‘ஸ்டாப் என்.சி.ஐ.ஐ’ன்னு ஒரு இலவசச் சேவை 2021 டிசம்பர்லேருந்து இருக்கு. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நம்ம போன்லயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை, அதாவது ஹேஷ், உருவாகும். அந்த எண்வரிசை மட்டும்தான் வெளிய போகும். அதுல சேர்ந்திருக்கிற ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி தளங்கள் அதே கைரேகையுள்ள படம் பதிவாகாமத் தடுக்கும். ஹேஷை வச்சு படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது, அதனால தைரியமாப் பயன்படுத்தலாம். படம் எடுத்தப்போ வயசு 18-க்குக் கீழன்னா ‘டேக் இட் டவுன்’னு இன்னொரு சேவை இருக்கு.

ஒரு எச்சரிக்கை. கோபத்துல அவன் பேரு, போட்டோ எல்லாத்தையும் இன்ஸ்டாவுல போட்டு அம்பலப்படுத்துறது மத்த ஊர்ல நடக்கலாம். இங்க அவதூறு, அந்தரங்க மீறல்னு உங்க பிள்ளை மேலயே வழக்கு வரும். அனுமதி இல்லாம அவன் பேச்சைப் பதிவு பண்றதும் அப்படித்தான். அவனா அனுப்பின மெசேஜே போதுமான ஆதாரம்.

அடிக்கலை, ஆனா...

நான் படிச்ச காலத்துல எங்க கிளாஸ்ல ஒரு தோழி. பழகின பையன் அவ போன் பாஸ்வேர்டை வாங்கி வச்சிருந்தான். யாரோட பேசணும், எந்த லேப் குரூப்ல சேரணும் எல்லாம் அவன் முடிவு. காலேஜ் அலுவலகத்துல போய்ச் சொன்னா. ‘பர்சனல் விஷயம், வீட்டுல சொல்லுங்க’ன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல சொல்லத்தான் அவளால முடியலை. ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிருவாருடி’ன்னு அழுவா. கடைசியில மஸ்கட்ல இருந்த அவ சித்திதான் வந்து பக்கத்துல நின்னாங்க. ‘முதல்ல நீ சாப்பிட்டியா?’ன்னு கேட்டாங்களாம். அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் எல்லாம் வெளிய வந்ததுன்னு இன்னமும் சொல்லுவா. ஒரு வருஷம் போச்சு, டிகிரி போகலை.

காதலனோ காதலியோ செய்யுற இந்த மாதிரி வன்முறைக்குக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தாது, அது குடும்ப உறவுகளுக்கானது. ஆனா மிரட்டல், பின்தொடர்தல், அடி எல்லாம் தனித்தனியா குற்றம்தான். மாஸ்டர்ஸ், பி.எச்.டி. படிக்கிற கல்யாணமான பெண்களுக்கு குடும்ப வன்முறைச் சட்டமே இருக்கு. முதல் சட்டம் 2019-ல வந்தது, 2024-ல புதுச் சட்டம் அதுக்குப் பதிலா வந்திருக்கு. ‘வீசாவை கேன்சல் பண்ணிருவேன்’ என்ற மிரட்டல் நம்ம ஊர்க்காரங்க வீடுகள்ல சகஜம். விவாகரத்தானவங்களும் விதவைகளும் ஸ்பான்சர் இல்லாம ஒரு வருஷம் இங்க தங்க 2018-லேருந்து வழி இருக்கு. அந்த மிரட்டலைக் கேட்டு அடங்கிப் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கட்டும்.

சென்னைக்கு அனுப்புறவங்களுக்கு

இங்க பிளஸ் டூ முடிச்சுட்டு என்.ஆர்.ஐ. கோட்டாவுல ஊருக்குப் போற பிள்ளைங்க நிறைய. 2024 டிசம்பர் 23 இரவு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தப் பொண்ணு தைரியமாப் புகார் கொடுத்தாங்க. அவங்க விவரங்களோட இருந்த எஃப்.ஐ.ஆர். இணையத்துல வெளியாச்சு. மென்பொருள் மாற்றத்தின்போது நடந்த கோளாறுன்னு விளக்கம் வந்தது. சிஸ்டம் எழுதுற எனக்கு அந்த வரியைப் படிச்சப்போ வயிறு கலங்குச்சு. பாதிக்கப்பட்டவங்க பேரு வெளிய தெரியாம வைக்கிறது, அந்த சிஸ்டத்துல முதல்ல சோதிச்சுப் பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பர் 28-ஆம் தேதியே மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைச்சது. எஃப்.ஐ.ஆர். கசிவுக்காக மாணவிக்கு 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு, படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னும் உத்தரவு போட்டது. ஞானசேகரன் குற்றவாளின்னு 2025 மே 28-ல மகளிர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லி, ஜூன் 2-ல ஆயுள் தண்டனை கொடுத்தது, 30 வருஷத்துக்குக் குறையாம. ஐந்து மாசத்துல ஒரு வழக்கு முடிய, வாயைத் திறந்த ஒரு பொண்ணுதான் காரணம்.

இந்தியாவுல எல்லா கல்லூரியிலயும் உள்ளகப் புகார்க் குழு இருக்கணும்னு யு.ஜி.சி. விதி 2016-லேருந்து நடைமுறையில இருக்கு. தலைவர் பெண்ணா இருக்கணும், மாணவர் விவகாரம்னா மாணவப் பிரதிநிதிகளும் வெளி உறுப்பினர் ஒருத்தரும் இருக்கணும். மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். 90 நாள்ல விசாரணை முடியணும். கல்லூரி பஸ், சுற்றுலாவும் ‘வளாகம்’தான். ஆண் மாணவர்களும் புகார் கொடுக்கலாம். எந்த ஸ்டேஷன்லயும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியலாம். பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்றத்துக்கு 1930.

மத்த வளைகுடா நாடுகள்ல

சவுதியில 2018-லேருந்து துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கு. ரெண்டு வருஷம் வரை சிறை, படிக்கும் இடத்துல நடந்தா ஐந்து வருஷம் வரை. குடும்ப வன்முறைக்கு 1919. கத்தார்ல ‘அமான்’ மையம், 919. பஹ்ரைன்ல 2015-லயும் குவைத்துல 2020-லயும் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்திருக்கு. ஆனா திருமணத்துக்கு வெளியே உள்ள உறவைப் பத்தின சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமீரகத்துல இருக்கிறதை வச்சு தோஹாவுலயோ ரியாத்துலயோ முடிவு எடுக்காதீங்க. அங்க தூதரகத்தையும் வக்கீலையும் முதல்ல கூப்பிடுங்க.

வீட்டுல பேச வேண்டியது

எண்களை ஃபிரிட்ஜ்ல ஒட்டி வைக்கிறது சுலபம். பிள்ளை அந்த எண்ணைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி அதோட மனசுல ஓடுறது ஒரே கேள்விதான்: அப்பா, அம்மா என்ன சொல்லுவாங்க? ‘அந்த நேரத்துல அங்க உனக்கு என்ன வேலை?’ என்பது நம்ம வாயில முதல்ல வரும்னு அதுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பத்தி, டிவி செய்தியில வந்த பொண்ணைப் பத்தி நாம அப்படிப் பேசுனதை அது ஹால்ல உட்கார்ந்து கேட்டிருக்கும்.

அதனால சேர்க்கைக் கடிதம் வந்த வாரமே ஒரு தடவை நேராச் சொல்லிடுங்க: ‘என்ன நடந்திருந்தாலும், நீ எங்க இருந்திருந்தாலும், யாரோட இருந்திருந்தாலும், எங்களைக் கூப்பிடு. படிப்பை நிறுத்த மாட்டோம். முதல்ல உன் கூட நிப்போம், மத்ததெல்லாம் அப்புறம்.’ அப்பாதான் இதைச் சொல்லணும். அம்மா வழியா சொல்லி அனுப்பினா அதுக்கு மதிப்புப் பாதிதான். அப்பா கிட்ட பேச முடியாதுன்னா யார் கிட்ட பேசலாம்னு ஒரு சித்தியையோ மாமாவையோ இப்பவே சொல்லி வைங்க. அந்தச் சித்திக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

பையன் வச்சிருக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு. அவனுக்கும் இது நடக்கலாம்னு சொல்லணும். ‘வேண்டாம்’னா வேண்டாம்தான், தூங்கிட்டிருந்தாலோ பயத்துல பேசாம இருந்தாலோ அது சம்மதம் இல்லை, யாரோட போட்டோவும் உன் சொத்து இல்லைன்னும் சொல்லணும். தோழி ஒருத்தி வந்து சொன்னா நம்பணும், அவ அனுமதி இல்லாம யாருக்கும் சொல்லக் கூடாது, கூட்டமாப் போய் அவனை அடிக்கக் கூடாது.

எங்க அக்கா இதையெல்லாம் கேட்டுட்டு, ‘இவ்வளவையும் எப்படிடி அவ கிட்ட பேசுறது, வாய் வராதே’ன்னாங்க. கார்ல பேசுங்கன்னேன். அல் நஹ்தாவுல இருந்து அகாடமிக் சிட்டி போற வழியில டிராஃபிக்குக்குப் பஞ்சமே இல்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.